பதினொரு ஜெர்சியும் ஒரு ஆளும்

1968இல் எங்கள் வட்டாரக் கால்பந்து லீக்கில் மூன்று டிவிஷன்கள் இருந்தன. தோற்கும் டீம் ஒவ்வொரு படியாக இறங்கும். மூன்றாவதற்குக் கீழே கேழ்வரகுக் கொல்லைதான். தொரப்பள்ளி டீம் அந்தக் கொல்லையோரத்தில் நின்றது. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெங்களூர் ஃபேக்டரிகளுக்குப் போய்விட, கோல்கீப்பர் ஆரோக்கியநாதன் மட்டும் மிச்சம். ஏற்கெனவே இரண்டு ஆட்டத்துக்கு டீம் வரவில்லை. மூன்றாவதும் வராவிட்டால் பேரை நீக்கிவிடுவார்கள்.

அந்த மூன்றாவது ஆட்டம் ஒரு ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்ததும், தானே துவைத்து மடித்த பதினொரு ஜெர்சிகளோடு மைதானத்துக்குப் போனார். வருவதாகக் கடுதாசி போட்டவர்களில் ஒருவரும் பஸ்ஸிலிருந்து இறங்கவில்லை.

ரெஃப்ரி விசில் ஊதினார். ஒரு டீம் வராவிட்டால், எதிர் டீம் அதன் காலி கோலில் ஒரு பந்தைப் போட்டால் ஜெயித்த மாதிரி. ஆரோக்கியநாதன் ஒரு ஜெர்சியை மாட்டிக்கொண்டு போய்க் கோலில் நின்றுகொண்டார்.

“அண்ணா, நவுருங்க. காலி கோல்லதான் போடணும்,” என்றான் எதிர் டீமில் ஆடும் தேன்கனிக்கோட்டை நாராயணப்பன்.

“காலியா? அப்ப நான் யாருடா, கம்பமா?”

நாராயணப்பன் சிரித்துக்கொண்டே ஓங்கி அடித்தான். அவர் பாய்ந்து, சேற்றில் விழுந்து பிடித்தார். மூன்று முறை அடித்தான், மூன்றையும் பிடித்தார்.

“லீக்லேர்ந்து டீம் பேரை அடிச்சாச்சுய்யா,” என்றார் ரெஃப்ரி மெதுவாக.

“அடிங்க சார். கோல் விழலைன்னும் எழுதிக்குங்க.”

மறுநாள் அவருக்குத் துவைக்க ஒரே ஒரு ஜெர்சிதான் இருந்தது.