கம்பி வலைக்குப் பின்னால் பஷீர் பாய்

செவ்வாய்க்கிழமை காலை ஷிப்ட் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். கடத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கிய லேத் ஆபரேட்டர் மாதையன் என் மேசை முன் நின்றார்.

"ஸ்டோர் பஷீர் பாய் தவறிட்டாருங்க சார். விடியக்காலம் நெஞ்சுவலியாம்."

"சாவி யார்கிட்ட இருக்கு?" நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். மாதையன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தேவைதான்.

பஷீர் பாய் எங்கள் பம்பு உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர். வயது நாற்பத்து மூன்று. அவரைத் தெரியாதவர்களுக்கு ஒன்று: அவர் மகான் எல்லாம் இல்லை. மெதுவாக நடப்பார், மெதுவாகத் தேடுவார், கேட்டதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துத் தருவார். தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

டிப்ளமா முடித்து நான் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது ஸ்டோர் கதவு திறந்தே கிடக்கும். டிரில் மழுங்கினால் ஆட்கள் உள்ளே போவார்கள், எண்ணெய் டின் மேல் உட்காருவார்கள், ஊர்க்கதை பேசிவிட்டு வேறு டிரில்லோடு வருவார்கள். நான் கடிகாரத்தோடு நின்று பார்த்தேன்.

"ஒரு டிரில் வாங்க நாலு நிமிஷமா பாய்?"

"டிரில்லுக்கு அரை நிமிஷந்தாங்க சார். மீதி மூணரை அவன் மாமியாருக்கு. இங்க எறக்கி வெச்சுட்டுப் போனான்னா மெஷினு ஒழுங்கா ஓடும்."

எனக்குப் பொறுமை இல்லை. கதவுக்குக் குறுக்கே கம்பி வலை, கை நுழைகிற அளவுக்கு ஒரு ஜன்னல், ஆட்கள் வெளியே நின்று சீட்டு நீட்ட வேண்டும் என்று வரைபடம் போட்டேன். மேனேஜர் சரி என்றார். ஒரு வெள்ளிக்கிழமை, பாய் ஜும்மா தொழுகைக்குப் போன நேரத்தில் வெல்டிங்கை முடித்துவிட்டோம். திரும்பி வந்தவர் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். சூடு ஆறியிருக்கவில்லை.

"வேளாவேளைக்கு வாழைப்பழம் போட்டுருவீங்களா சார்?"

சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஆட்கள் சிரிக்கவில்லை. ஸ்டோர் அவருடையது, எனவே வலையும் அவர் யோசனை என்று எடுத்துக்கொண்டார்கள். "பாய் நம்மளத் திருடங்கணக்காப் பாக்கறாரு" என்று கேன்டீனில் அவர் காதுபடவே பேசினார்கள். அவர் உட்கார்ந்தால் பெஞ்ச் காலியானது. பெருநாள் மறுநாள் அவர் கொண்டுவந்த சேமியா, தூக்கோடு திரும்பிப் போனது. ஜன்னலில் போய் நிற்பதற்குப் பதில் மழுங்கிய டிரில்லையே வைத்து ஓட்டினார்கள். வேலை கெட்டது. ஆட்களுக்கு அக்கறை போதவில்லை என்று நான் அறிக்கை எழுதினேன்.

ஒருநாள் மனது உறுத்தி, "என் யோசனைன்னு சொல்லிரட்டா பாய்?" என்று கேட்டேன்.

"வேணாங்க சார். உங்க மேல கோவம்னா எட்டு மணி நேரமும் மெஷின்கிட்டயே நிக்கும். என் மேலன்னா இந்த ஜன்னலோட போயிரும். வூட்டுக்குப் போயி ஒரு டீயக் குடிச்சா எனக்குச் சரியாயிரும்."

சரியாகவில்லை. மதியச் சாப்பாட்டை வலைக்குள்ளேயே தனியாகச் சாப்பிட்டார்; தினமும் பார்த்தேன். அவர் வேண்டாம் என்றது எனக்கு வசதியாக இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை கடத்தூரில் அடக்கம். எங்கள் ஆட்களில் நான்கு பேர்தான் வந்தார்கள். மாதையன் அடக்கத்தலத்துச் சுவருக்கு வெளியிலேயே நின்றிருந்தார். அவரிடம் போனேன்.

"அந்த வலை பாய் போட்டதில்லைங்க. நான் போட்டது. அவருக்கே தெரியாம."

"இப்ப வந்து சொல்றீங்களே சார்! ஒரு வருசமா அவரு மூஞ்சியப் பாத்து நான் ஒரு வார்த்தை பேசலைங்க."

செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினார். எல்லோரும் மண் போட்டு முடித்திருந்தார்கள். மாதையன் குனிந்து ஒரு பிடி அள்ளினார். போடாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

தொழிற்சாலை நண்பர்களே, அந்த வரைபடத்தின் கீழே இருப்பது என் கையெழுத்து. வலையை அறுக்க அனுமதி கேட்டிருக்கிறேன். மேனேஜர் இன்னும் பதில் சொல்லவில்லை. கோபம் இருப்பவர்கள் என்னிடம் வரலாம்.

பஷீர் பாய், உங்களை வெளியே விட எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. போய் வாருங்கள்.