ஷாம்புக்குள் ஆடு

தேவிபட்டினம் நவபாஷாணக் கோயிலுக்குப் போக என் மனைவி கவுச்சி தொடாமல் விரதம் இருந்தாள். அவளுக்கு முடி உடைகிறதே என்று புரோட்டீன் ஷாம்பு வாங்கி வந்தேன். எழுத்துக்கூட்டத் தெரியாத பண்டிதன் நான். புரோட்டீன் என்றால் பாசிப்பயறுதான் என்று நம்பினேன். அவள் தலைக்குக் குளித்த பிறகே மகள் பாட்டிலைப் படித்தாள்.

“அய்யா, இதுல கெரட்டின்னு ஒரு புரோட்டீன் இருக்கு. ஆட்டு ரோமத்துல இருந்தும் எடுப்பாங்களாம்.”

“விரதத்துல ஆட்டையா என் தலையில தேய்க்க வச்சீக?” மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

“நம்ம முடியே கெரட்டின்தாம்மா. உடைஞ்ச எடத்துல இது போயி ஒட்டிக்கிரும்,” என்றாள் மகள்.

“அப்ப மொட்டையடிச்சாத்தான் உங்கம்மா சுத்த சைவம்,” என்றேன்.

அழுதவள் சிரித்துவிட்டாள். ஆனாலும் விரதத்தை முதலிலிருந்து தொடங்கினாள். வாங்கி வந்த பாவத்துக்கு நானும் சேர்ந்து இருந்தேன், மீன்குழம்பை நினைத்தபடியே.