நடுங்கும் குரல்

எங்கள் தீவின் கப்பல் டிக்கெட் ஆபீஸில் எங்களுக்கு மேலதிகாரியாக இருந்த அந்த அம்மாள் யாரையும் திட்டியதில்லை. ஆனாலும் அவரிடம் எனக்குப் பயம். ஒல்லியான உருவம், மழைக்கு ரப்பர் செருப்பு. யாருக்காவது புது வேலை கொடுப்பதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த ஆளின் முகத்தையே சற்று நேரம் பார்ப்பார்.

ஒரு ஜூன் மாதம் கடல் கொந்தளித்து, தெற்கே கேம்பல் பேக்குப் போகும் கப்பல் ரத்தானது. கவுன்டருக்கு வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நீ போய்ச் சொல்லு."

"மேடம், எனக்கு இப்பவே குரல் நடுங்குது. வேற யாரையாவது அனுப்புங்க."

"அந்தக் குரல் நம்ம ஆபீஸ்ல வேற யாருக்கும் இல்லையே. சலோ, போ."

போய், நடுங்கும் குரலிலேயே சொன்னேன். முன்னால் நின்றவர் கவுன்டர் கம்பியை இறுகப் பிடித்தார். ஊரில் அவருடைய அம்மா அன்று காலைதான் இறந்திருந்தார். அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, பாய்," என்றார். கூட்டமும் மெல்ல அடங்கியது.

அம்மாள் மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போய் ஆறு வருடங்கள் ஆகின்றன. இன்றும் கப்பல் ரத்தானால் நான்தான் போய்ச் சொல்கிறேன். நேற்று சொல்லும்போது என் குரல் நடுங்கவே இல்லை. வெளியே ஒருவர் கம்பியைப் பிடித்து உலுக்கத் தொடங்கினார். பயந்துபோய் ஆபீஸுக்குள் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.