பலகையில் வரைந்த வட்டம்

கூட்டேரிப்பட்டுக்குக் கிழக்கே, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவில், 1996இல் ஓர் இயற்பியல் ஆய்வு மையம் வந்தது. அங்கே எந்திரம் எதுவும் கிடையாது. ஆறு பேர் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள், அவ்வளவுதான். அறைகளைப் பெருக்கச் சேர்ந்தவள் பவுலின். பத்தாவது படித்தவள். ஞாயிறுதோறும் ஊராருக்கு நடந்த அறிவியல் வகுப்பில் பேராசிரியர் சீனுவாசன் பேசுவது யாருக்கும் விளங்காது. பவுலின் ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொன்னால் விளங்கும். நாளடைவில் வகுப்பையே அவளிடம் விட்டுவிட்டார்.

2008 செப்டம்பரில் டி.வி.யில் அந்தப் பேச்சு கிளம்பியது. வெளிநாட்டில் பூமிக்கடியில் ஓர் எந்திரத்தை ஓட்டப் போகிறார்களாம். புதன்கிழமை கருந்துளை உண்டாகி உலகத்தையே விழுங்கிவிடுமாம். இந்த மையத்திலும் அதே வேலைதான் நடக்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்த ஞாயிறு வகுப்புக்கு நான்கு பேர்தான் வந்தார்கள். திங்களன்று பால்காரர் மையத்தின் வாசலுக்கு வெளியிலேயே பாலை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே பக்கத்துக் கொல்லை அரங்கநாதனின் கிணறு வற்றியது.

செவ்வாய் காலை முப்பது பேர் கடப்பாரையோடு வந்தார்கள். பேராசிரியரும் மற்றவர்களும் சென்னைக்குப் போயிருந்தார்கள்; பவுலின் மட்டும்தான் இருந்தாள்.

"உள்ள இன்னாம்மா பண்ணிக்கினு இருக்கீங்க? எங் கெணத்துத் தண்ணி எங்க போச்சி?" என்றார் அரங்கநாதன்.

"ஒண்ணுமில்லண்ணே. நீங்களே பாத்துக்குங்க." சாவிக்கொத்தை அவர் கையில் கொடுத்தாள்.

அறை அறையாகத் திறந்தார்கள். மேசை, புத்தகம், கரும்பலகை. ஒன்றும் இல்லாததைப் பார்க்கப் பார்க்க அவர்களுக்குப் பயம் கூடியது. கடைசி அறைப் பலகையில் சாக்பீசால் ஒரு வட்டம். நாலா பக்கமிருந்தும் அம்புகள் அதற்குள் பாய்ந்தன.

"இதான் அது!" அரங்கநாதன் கடப்பாரையை ஓங்கினார்.

பவுலின் குறுக்கே போய் நின்றாள். பன்னிரண்டு வருஷம் கேட்டதில் பாதிதான் அவளுக்கே புரிந்திருந்தது. ஆனாலும் உள்ளங்கையை வட்டத்தின் நடுவில் அழுத்தினாள்.

"வெறும் படம்ணே. பாருங்க, கைய இழுக்குதா?"

அரங்கநாதன் கடப்பாரையைத் தாழ்த்தினார். போகும்போது மட்டும், அவள்மேல் படாமல் சுவரோரமாக ஒதுங்கிப் போனார்கள்.

புதன்கிழமை வந்தது, போனது. அந்த எந்திரம் சில நாளில் பழுதாகி நின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. மழை பெய்து, கிணறு ஊறிய பிறகு, கார்த்திகையில் அரங்கநாதனின் மனைவி சின்னபொண்ணு தனியாக வந்தாள்.

"ஒலகம் அழியறத தள்ளிப் போட்டுட்டாங்களாமே. எப்பன்னு மட்டும் சொல்லு பவுலினு. மல்லாட்ட வெதக்கறதா, வேணாமா?"

"ஒண்ணும் ஆவாதுக்கா. தைரியமா வெதைங்க."

சின்னபொண்ணு தலையாட்டிவிட்டுப் போனாள். அந்தப் போகம் முழுக்க அவர்கள் கொல்லை தரிசாகவே கிடந்தது.