சிறிய துப்பாக்கிக்கு ஏற்ற சன்னம்

கனடாவில் மில்லிக்கன் பக்கத்தில் கார் ஓட்டப் பழகிய தமிழர்களைக் கேட்டால் அல்பேட் அண்ணையைத் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கென்றே பிறந்த ஆசிரியர் என்று அவருக்குப் பெயர். பக்கத்தில் லொறி வந்தால் ஸ்ரியரிங்கை விட்டுவிட்டுக் கும்பிடுகிற அன்ரிமாரைக்கூட ஒரு கோடைக்குள் நெடுஞ்சாலையில் ஏற்றிவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதர் ஐம்பது வயது கடந்தபின் ஒரு கைத்துப்பாக்கி வாங்க வெளிக்கிட்டார். உள்ளங்கைக்குள் பாதி மறைந்துவிடுகிற சின்னத் துப்பாக்கி. ஸ்ரௌவ்விலுக்கு அப்பால் சோள வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு கழகத்தில் சேர்ந்து, கடதாசி இலக்கைப் பார்த்துச் சுடுவதுதான் நோக்கம். அனுமதிப் பத்திரத்துக்கு மனைவியின் கையெழுத்தும் கேட்டார்கள். முதியோர் இல்லத்தில் வேலை முடித்துக் களைத்து வந்த எமில்டா, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவரைக் கேட்டாள்.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த ஆக்கள் நாங்கள். இப்ப நீங்கள் அதைத் தேடிப் போறீங்களோ?"

விளையாட்டுத்தானே என்றார் அல்பேட். பூட்டிய பெட்டியிலிருந்து அது வீட்டுக்குள் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு அவள் கையெழுத்துப் போட்டாள்.

கடையில் வாங்கிய ரவைகளைச் சுட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் கழகத்தில் பழைய ஆட்கள் ஈயத்தை உருக்கி, குண்டாகப் பாயும் சன்னத்தை அச்சில் வார்த்து, வெற்றுக் கோதுகளில் மருந்து நிரப்பித் தாங்களே ரவை செய்வதை அல்பேட் பார்த்துவிட்டார். குட்டைக் குழல் துப்பாக்கி ஈயச் சன்னத்தை இலேசில் ஏற்காது, அதற்குப் பிடித்த கலவையைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும் என்று ஒருவர் சொன்னதும் அவருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று.

ஈயம் ஸுபைரின் ரயர் கடையிலிருந்து வந்தது. சில்லைச் சமப்படுத்த ஒட்டும் ஈயக் கட்டிகள் பழசானதும் ஸுபைர் அவற்றை ஒரு வாளியில் போட்டுவைப்பான். மன்னார்ப் பையன், வாய் சும்மா இருக்காது. மானுக்கோ கரடிக்கோ என்று முதல்நாள் விசாரித்தான். கடதாசிக்கு என்று தெரிந்ததும், அந்தக் கடதாசி அண்ணைக்கு என்ன அநியாயம் செய்தது என்று கேட்டான்.

கராஜ் கதவை முழுதாகத் திறந்துவைத்து, முகமூடியும் தோல் கையுறையும் போட்டுக்கொண்டு அல்பேட் ஈயம் உருக்கினார். மருந்தை மாற்றினார். சன்னத்துக்குப் பூசும் மெழுகை மாற்றினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சுட்ட தாளைச் சுருட்டிக்கொண்டு வந்து சமையலறை மேசையில் விரித்தார். துளைகள் தாள் முழுக்கப் பரவிக் கிடந்தன.

"தாளுக்குக் கொப்பளிப்பான் அம்மை போட்டிருக்கு. வேப்பிலை கட்டுங்கோ," என்றாள் எமில்டா.

பிறகு, கழகத்தில் வைத்துக் குழலுக்குள் மெல்லிய ஈயத் துண்டொன்றைத் தள்ளி எடுத்து அளந்து பார்த்ததில், தன்னுடைய சன்னங்கள் குழலுக்கு ஒரு மயிரிழை மெலிவு என்பதைக் கண்டுபிடித்தார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். கொஞ்சம் பருத்த சன்னமாக வார்த்தார். குழலில் ஈயம் அப்புவது நின்றது. கொப்பளிப்பான் மட்டும் மாறவில்லை.

இதற்கிடையில் இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தது. எமில்டாவின் தங்கை அன்ரனெற், மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கணவனோடும் மகளோடும் முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டாள். தை மாதத்தோடு அவளுடைய தொலைபேசி அழைப்பும் நின்றுவிட்டது. எமில்டா வேலை முடிந்ததும் யூனிவேர்சிற்றி அவெனியூவுக்குப் போய், யுத்தத்தை நிறுத்தச் சொன்ன போராட்டக்காரர்களோடு நின்றாள். அல்பேட் அவளையும் அயலவர்களையும் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு உடனே திரும்பிவிடுவார். பார்க்கிங் கிடைக்கவில்லை என்பார். அங்கே பறை அடித்தார்கள் என்பதைச் சொல்லமாட்டார்.

வீட்டில் தொலைபேசி அடித்தால் எமில்டா பாய்ந்து எடுப்பாள். கம்பளம் கழுவித் தரவா என்று ஏதாவதொரு கம்பனி கேட்கும். அல்பேட் கராஜில் சன்னம் வார்த்துக்கொண்டே இருந்தார். அந்த மாதங்களில் வார்த்ததைச் சுட ஒரு பட்டாளம் வேண்டும்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை அவர் கழகத்துக்குப் புறப்பட்டபோது எமில்டாவும் சப்பாத்தைப் போட்டாள். "நானும் வாறன். இந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்."

காதுக் கவசம் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் வாங்குப் பலகையில் இருந்தாள். அல்பேட் நிமிர்ந்து நின்று குறிபார்த்தார். இரண்டு முறை வெடித்தது. மூன்றாவது முறை வெறும் 'கிளிக்' என்ற சத்தம்தான். அவர் செய்த ரவை ஒன்று பிசகிவிட்டது. ஆனால் சுடாத அந்தத் துப்பாக்கியின் முனை வெட்டுக்கிளி போலக் கீழே பாய்ந்தது. அல்பேட்டின் இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன. தோள்கள் காதுவரைக்கும் ஏறியிருந்தன.

ரவை தாமதித்து வெடிக்கலாம் என்பதால், கழக விதிப்படி துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி சற்றுநேரம் அசையாமல் நிற்கவேண்டும். அவர் அப்படி நிற்கையில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. எமில்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு வந்த சிரிப்பு, கண்ணீரும் கூடவே வந்தது.

"இஞ்சேருங்கோ, அது வெடிக்கேல்லை. நீங்கள்தான் வெடிச்சீங்கள்."

பிறகு தானும் ஒருமுறை சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். கழகப் பொறுப்பாளர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். நோயாளிக்கு ஊசி போடும் தாதியின் பொறுமையோடு அவள் நின்று, மெதுவாக விசையை அழுத்தினாள். தாளைக் கொண்டுவந்து பார்த்தபோது அவள் சுட்ட எல்லாத் துளைகளையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடலாம்.

அல்பேட் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப சன்னம் சரி," என்றார்.

"சன்னம் எப்பவோ சரி."

வீட்டுக்கு வரும் வழியில் அவர் தானாகவே சொன்னார். குருநகரில் இருந்த காலத்தில் பக்கத்துக் கோட்டையிலிருந்து ஆமியின் ஷெல் வரும். அன்றிலிருந்து பலூன் உடைந்தாலும் நெஞ்சு நின்று போகும். "சத்தத்தை நானே போட்டால் பயம் போயிடும் எண்டு நினைச்சன்."

"தெரியும். விக்ரோறியா டே வாணத்துக்கு வருஷா வருஷம் பேஸ்மென்றுக்குப் போய் அதே குழாயைத்தானே திருத்துறீங்கள்," என்றாள் எமில்டா.

அந்த வருடத்து விக்ரோறியா டேயும் வந்தது. அன்றுதான் முல்லைத்தீவில் எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தியும் வந்தது. பொழுதுபட எதிர்ப் பூங்காவில் பிள்ளைகள் வாணம் விடத் தொடங்கினார்கள். அல்பேட் குழாயைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார். எமில்டாவும் பின்னால் போனாள். இரண்டு பேரும் பழைய பெட்டிகளின் மேல் இருந்தார்கள். தொலைபேசி அவள் மடியில் கிடந்தது. அன்று யாரும் சிரிக்கவில்லை.

ஆனி மாதம் வவுனியா முகாமிலிருந்து அழைப்பு வந்தது. அன்ரனெற்றும் மகளும் உயிரோடு இருந்தார்கள். அன்ரனெற்றின் கணவரைப் பற்றி அன்றும் தகவல் இல்லை, இன்றும் இல்லை.

அல்பேட் சுடுவதை விடவில்லை. எமில்டா அவருக்குத் தெரியாமல் நல்ல ரவைகளுக்கு நடுவே மருந்தில்லாத போலி ரவைகளைக் கலந்து கொடுத்தாள். எது வெடிக்கும், எது வெடிக்காது என்று தெரியாமல் சுடச்சுட அவருடைய கண்கள் மெல்ல மெல்லத் திறந்தன. முழுதாகத் திறந்துவிட்டன என்று அவர் சொல்வார், எமில்டா மறுப்பாள். அவளும் அனுமதிப் பத்திரம் எடுத்துக் கழகத்துப் பெண்கள் போட்டியில் மூன்றாம் இடம் வந்து ஒரு கிண்ணம் வாங்கினாள். போட்டியிட்ட பெண்கள் மூன்று பேர்தான் என்பதை அவரிடம் கார் பழகிய எங்களில் யாருக்கும் அல்பேட் சொல்லவில்லை. ஸுபைர்தான் சொன்னான்.

சில வருடங்கள் கழித்து அன்ரனெற்றும் மகளும் கனடாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அதற்கு முதல் கிழமையே அல்பேட் ஈயச் சட்டியையும் அச்சுகளையும் யாரும் சொல்லாமலே, அவர்கள் கண்ணில் படக்கூடாதென்று, ஸுபைரின் கடைப் பின்புறத்துக்கு மாற்றிவிட்டார். கிண்ணத்தை ஒளித்துவைக்க மட்டும் மறந்துபோனார். அன்ரனெற் அதைத் தூசு தட்டும்போது என்னத்துக்குக் கிடைத்தது என்று கேட்டாள்.

"கொக்கா கரம் போட் அடிச்சு வெண்டது," என்றார் அல்பேட், அவளுடைய அக்காவைக் காட்டி.

எமில்டாவுக்குக் கரம் விளையாடவே தெரியாது. அன்ரனெற்றுக்கோ அது உயிர். அடுத்த நாளே கரம் பலகை ஒன்று வாங்கவேண்டி வந்தது. இப்போது சனி பின்னேரங்களில் மூவரும் சுற்றி இருந்து விளையாடுகிறார்கள். எமில்டா ஒவ்வொரு ஆட்டமும் தோற்கிறாள். கனடாவில் கரம் விளையாட்டு இவ்வளவு மோசமா என்று அன்ரனெற் அடிக்கடி கேட்கிறாள். அல்பேட் தலையைக் குனிந்து பவுடரைத் தூவிக்கொண்டிருப்பார்.