பந்துக்கு முதுகைக் காட்டிய வேம்புலி

திருநின்றவூர் ஏரிக்கரையில் விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு மனுஷன் பின்பக்கமாக ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வேம்புலியைப் பற்றி எல்லாரும் அதைத்தான் நினைத்தார்கள். வாக்கிங் வருகிறவர்கள் பயந்துபோய் ஒதுங்கி வழிவிடுவார்கள். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். வயது ஐம்பத்தொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். பனி மூடிய தண்ணீருக்கு மேலே அவர் கண்ணுக்கு மட்டும் ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். இல்லாத பந்து ஒன்று மெல்ல எழும்பும். அதைப் பார்த்தபடியே இவர் பின்னால் போய்க்கொண்டிருப்பார்.

பதினோரு வருஷமாக அவருக்கு லைன்ஸ்மேனாகக் கொடி பிடிக்கிறவன் நான், ஜேம்ஸ். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை உண்டு. வேறு எவனாவது செய்தால் கோபம் வரும். கல்யாண மண்டபத்தில்கூட முழுப் பந்தியும் தெரிகிற மூலையில்தான் நிற்பார். "போட்டோவுக்குக் கூப்ட்டா நேரா வரமாட்டாரு, குறுக்கால நட்ந்து வருவாரு" என்பார் அவர் மனைவி சொர்ணம். உண்மைதான். நடுவர் மைதானத்தில் மூலைக்கு மூலை குறுக்காகத்தான் ஓட வேண்டும். அப்போதுதான் ஒரு பக்கம் பந்தும் மறுபக்கம் லைன்ஸ்மேனும் சேர்ந்தே கண்ணில் இருப்பார்கள். முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தருகிற பாடம் இது.

இந்தப் பாடத்துக்கு எமன், நீளப் பந்து. கோல்கீப்பர் ஓங்கி உதைத்தால் பந்து நாம் மூச்சு விடுவதற்குள் அறுபது மீட்டர் போய்விடும். ஐம்பத்தொரு வயது முட்டி போகுமா? போன வருஷம் ஓர் ஆட்டத்தில் "நைனா, ஷேர் ஆட்டோ புட்ச்சிகினு வா" என்று எவனோ கத்த, மொத்தக் கூட்டமும் சிரித்தது. வேம்புலியும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் நம்பியது தப்பு.

இந்த ஜனவரியில் ஆவடியில் ஒரு பொங்கல் கோப்பை அரையிறுதி. நடுவர்களுக்கு மதிப்பெண் போட கார்த்திகேசன் சார் வந்திருந்தார். அவர் நல்லபடியாக எழுதினால்தான் வேம்புலி லீக் ஆட்டங்களுக்கு விசிலோடு போகலாம். இல்லாவிட்டால் இத்தோடு சரி. ரயிலில் வரும்போது வேம்புலி என்னிடம் கேட்டார்: "விசில் இல்லாத ஞாயித்துக்கெயமைல நான் இன்னா பண்ணுவேன் ஜேம்ஸு?"

"சினிமாவுக்குப் போ அண்ணாத்தே" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலை ஏழு மணிக்கு ஆட்டம். பனி கலையவே இல்லை. எதிர்க் கோல்கம்பம் இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகமாக இருந்தது. பச்சைச் சட்டைக்காரர்களும் மஞ்சள் சட்டைக்காரர்களும் வெண்மைக்குள் மறைந்து மறைந்து வந்தார்கள். வேம்புலியோ மிதந்துகொண்டிருந்தார். பந்து விழுகிற இடத்தில் அதற்கு முன்பே நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இடைவேளை நெருங்கும்போதுதான் விஷயம் விளங்கியது. கோல்கீப்பர் பந்தைப் பிடித்த உடனே, உதைப்பதற்கு முன்பே, இவர் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடத் தொடங்கிவிடுகிறார். நடுவராக இருப்பவனுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிற ஆசையில் மனுஷன் பார்ப்பதையே விட்டுவிட்டார். இடைவேளையில் சொன்னேன். "சார் எய்திகினு கீறாரு, சொம்மா இரு" என்றார்.

கடைசிப் பத்து நிமிஷம். பனி கொஞ்சம் இளகி, எதிர்க் கோல்கம்பம் மங்கலாகத் தெரிந்தது. கோல் எதுவும் விழவில்லை. பச்சை அணியின் கோல்கீப்பர் ஒரு கார்னர் பந்தை எகிறிப் பிடித்தான். வேம்புலி சட்டென்று திரும்பி ஓடினார். அவர் முதுகுக்குப் பின்னால், கோலுக்கு முன்னாலேயே, ஒரு பச்சைச் சட்டைக்காரன் மஞ்சள் சட்டைக்காரன் வாயில் முழங்கையால் இடித்தான். பந்து பறந்து வந்தது, நான் நின்ற பக்கம் பச்சை அணிக்குக் கோலும் விழுந்தது. நாலடி தூரத்தில் நின்று கம்பீரமாக விசில் ஊதினார் வேம்புலி. கூட்டம் கைதட்டியது. கார்த்திகேசன் சார் தலையாட்டி எழுதினார்.

அந்தக் கோடியில் ஒருவன் உதட்டில் ரத்தத்தோடு கிடந்தான். அவன் பக்கத்தில் இன்னொரு லைன்ஸ்மேன் பூபாலன் தூக்கின கொடியை இறக்காமல் நின்றிருந்தான். வேம்புலிக்கு முகம் வெளுத்துவிட்டது. மைதானம் முழுக்கக் குறுக்கே நடந்து போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். பூபாலன் நடந்ததைச் சொன்னான்.

"நான் பாக்கல" என்றார் வேம்புலி, இரண்டு அணித் தலைவர்களுக்கும் கேட்கும்படி. "முதுவக் காட்டிகினு ஓடிட்டேன். என் தப்புதான்."

கோல் ரத்து. இடித்தவனுக்குச் சிவப்பு அட்டை. மஞ்சளுக்குப் பெனால்ட்டி. பச்சைக்காரர்கள் கொடுத்த வசவை இங்கே எழுத முடியாது. நான் என் கோட்டுக்குத் திரும்பினேன்.

பெனால்ட்டியை உதைத்தார்கள். கோல்கீப்பர் பாய்ந்து பிடித்துவிட்டான், அதே வேகத்தில் ஓங்கி உதைத்தான். மஞ்சள் அணியில் பாதிப்பேர் பெனால்ட்டிக்காக அங்கேதான் நின்றார்கள். நடுக்கோட்டை ஒட்டி, தன் பாதிக்குள்ளேயே, பச்சைச் சட்டை ஒன்று தனியாக நின்றிருந்தது. வேம்புலி இந்தத் தடவை அசையவில்லை. பந்து காலை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் பார்த்தார். அப்புறம் குறுக்கே ஓடினார், தலையைத் திருப்பிப் பந்தையும் என்னையும் பார்த்துக்கொண்டே. பனிக்குள் அவர் வருவது நீந்தி வருவதுபோல் இருந்தது. பந்து வலையில் விழும்போது அவர் நடுக்கோட்டைக்கூடத் தாண்டவில்லை.

"அவ்ளோ தூரத்துல கீற, உனுக்கு ஆஃப்சைடு இன்னா தெரியும்?" என்று மஞ்சள் அணித் தலைவன் பாய்ந்தான்.

"ஒதைக்கும்போது அவன் நடுக்கோட்டத் தாண்டல, தன் பாதிலதான் இருந்தான். பாத்தேன்" என்றார். சொந்தப் பாதியில் நிற்கிறவனுக்கு ஆஃப்சைடு கிடையாது. என் கொடியும் கீழேதான் இருந்தது. கோல் செல்லும் என்று ஆனது. பச்சை ஜெயித்தது.

கார்த்திகேசன் சார் தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். நீளப் பந்துகளில் வெகுவாகப் பின்தங்குகிறார், விசிலுக்குப் பரிந்துரை இல்லை என்று எழுதியிருந்தது. முதுகைக் காட்டி ஓடிய முதல் பாதியைப் பற்றி மட்டும் இரண்டு நல்ல வரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆவடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது கார்த்திகேசன் சாரைக் கண்டபடி திட்டினேன்.

"உடு ஜேம்ஸு. அவர் எய்தனது கரெக்ட்டுதான். தூரத்துலதான் இருந்தேன்" என்றார் வேம்புலி. "ஆனா அந்தக் கோலு... ஒதைச்சதுல இருந்து வலைக்குள்ள போற வரைக்கும் முய்சாப் பாத்தேன். பந்து கூடவே ஓடி ஓடி, இத்தினி வருசத்துல ஒரு கோலையும் நான் அப்டிப் பாத்ததில்ல."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.