நியூட்ரல்காரருக்கு டிஸ்க் பிரேக்

என் வீட்டுக்காரர் பிக்கப் வண்டியின் பின் அச்சில் இருந்த டிரம் பிரேக்கைக் கழற்றி எறிந்துவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டினார். எதற்கு என்று யாராவது கேட்டால் பாதுகாப்புக்கு என்பார். சுத்தப் பொய். நான் சொன்ன ஒரு பேச்சைக் கேட்காமல் தப்பிக்கத்தான் மாட்டினார். அந்தப் பேச்சும் பெரிதாக ஒன்றுமில்லை. "கியர்ல எறக்குங்க." அவ்வளவுதான்.

எங்கள் மலையில், குண்டனி நாட்டில், வண்டி வைத்திருக்கும் ஆண்களுக்கென்று ஒரு பெருமை இருக்கிறது. சோளக்காடு என்கிற ஊரைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் கியரை நியூட்ரலுக்குத் தட்டிவிடுவார்கள். வண்டி தன் பாரத்திலேயே உருண்டு எழுபது வளைவையும் கடந்து அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போய்ச் சேரும். அங்கே டீக்கடையில் இறங்கி, "சொட்டு டீசல் செலவில்லீங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் இத்தனை பாடும். கியரில் இறக்கினால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் மரவள்ளி மூட்டை, அன்னாசி, நாங்கள் மூன்று பேர், எல்லாப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். கியர் என்பது மலை ஏறுவதற்கு மட்டும் சாமி கொடுத்தது என்று இவர்களுக்கு நினைப்பு.

நியூட்ரலில் இறங்காதீர்கள் என்று ரோட்டோரம் போர்டே இருக்கிறது. ஒருநாள் அதைக் காட்டினேன். "அது கீழ்நாட்டுக்காரனுக்கு வெச்சது. நாம இந்த மலையிலேயே பொறந்தவங்க" என்றார். மலையில் பிறந்தவன் என்றால் பள்ளத்தில் விழாமல் மிதப்பான் போலிருக்கிறது.

என் உயிரை மட்டும் வைத்து விளையாடியிருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மகள் நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். சனிக்கிழமை மேலே வருவாள், திங்கள் காலை சரக்கோடு சரக்காக எங்களுடன் இறங்குவாள். பஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. நான்கு வளைவு திரும்புவதற்குள் வாந்தி ஆரம்பித்துவிடும். ஆகவே பிக்கப்தான் அவளுக்குக் கதி.

போன மழைக்காலம் முடிந்த கையோடு அது நடந்தது. பாதி மலை இறங்கியிருப்போம். கருகிய நாற்றம் வந்தது. பின்சக்கரத்திலிருந்து புகை கிளம்பியது. இவர் பிரேக்கை மிதிக்க மிதிக்க அது சேற்றில் கால் வைத்தது போல உள்ளே போனது. மகள் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. கடைசியில் வண்டியை மலைப்பக்கம் ஒடித்து, பாறையில் உரசி நிறுத்தினார். இடதுபக்கம் பூராவும் தகரம் கிழிந்து தொங்கியது. அந்தப் பக்கம் பாறை இருந்ததால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இறங்கி நின்று அவர் சொன்ன முதல் வார்த்தை, "பிரேக்கு சரியில்ல."

"பிரேக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. நீங்க கியர்ல எறக்குங்க. அதுவரைக்கும் எம்புள்ள இந்த வண்டியில ஏற மாட்டா" என்றேன்.

கியரைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? கண் சிமிட்டும் நேரம். செலவு? ஒன்றுமில்லை. ஆனால் போட்டால் பெண்டாட்டி சொல்லிப் போட்டதாக ஆகிவிடுமே! ஆகவே அவர் சோளக்காட்டில் தன் கூட்டாளிகளிடம் யோசனை கேட்டார். செல்போனில் படம் பார்த்தே என்ஜினியர் ஆனவர்கள் அவர்கள். வெளிநாட்டில் எவனோ பிக்கப்புக்குப் பின்னாலும் டிஸ்க் மாட்டி ஓட்டுகிறானாம், சூடே ஆகாதாம். ஒரு வாரம் இதே பேச்சு. மனைவி சொன்ன மூன்று எழுத்துச் சமாச்சாரம் காதில் ஏறவில்லை. எங்கோ பனியில் வண்டி ஓட்டுகிறவன் சொன்னது உடனே ஏறிவிட்டது.

நாமக்கல்லில் ஒரு பட்டறைக்காரர் கிடைத்தார். அச்சின் இரண்டு முனையிலும் இரும்புத் தகடு வெட்டி வைத்து, ஏதோ பழைய காரிலிருந்து கழற்றிய டிஸ்க்கை மாட்டினார். வண்டியை எடுக்க நானும் போயிருந்தேன். சக்கரத்துக்குள் புதுத் தட்டு போலப் பளபளத்தது. உள்ளே ஏறிப் பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கையோடு வந்தது.

"ஏனுங்க, இது புடிக்கலீங்களே?"

"அது பழைய டிரம்மோட போச்சுங்க. நிறுத்தறப்ப சக்கரத்துக்கு ஒரு கல்லு வெச்சுக்கங்க" என்றார் பட்டறைக்காரர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மிளகு விற்ற காசையெல்லாம் கொட்டி வெளிநாட்டு பிரேக் மாட்டியாயிற்று. இனி வண்டி நிற்க ரோட்டோரக் கல்! இவர் அதற்கும் தலையாட்டினார். ஊருக்கு வந்ததும் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை. கூட்டாளிகள் வரிசையாக வண்டிக்கடியில் படுத்துப் பார்த்து "சூப்பருங்க" என்று எழுந்தார்கள். தனியாக ஒரு நடை போய் வந்தார். நியூட்ரலில்தான். முன்பைவிட வேகமாகப் போனதாகப் பெருமை வேறு.

இதற்கிடையில் மகள் பஸ்ஸில் போய்ப் போய்த் துவண்டுவிட்டாள். விடுதியில் இறங்கினால் அன்று முழுக்கப் படுக்கைதான். அவள் முகத்தைப் பார்த்து நான்தான் இளகினேன். சரி, ஒரு தடவை போவோம், நானும் கூட வாரேன் என்று ஏறினேன். நான் எப்போதும் நடுவில் உட்காருவேன். கியர் ராடு என் முழங்காலை இடித்துக்கொண்டிருக்கும்.

சோளக்காட்டில் அன்னாசி ஏற்ற நிறுத்தினார். அது சரிவான இடம். பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். கியரில் போட்டு நிறுத்தியிருக்கலாம் இல்லையா? போடமாட்டாரே. பின்னால் கூடை ஏற ஏற வண்டி குலுங்கியது. திடீரென்று கல் சறுக்கிற சத்தம். வண்டி நகர்ந்தது. எதிரே கடை வரிசை, அதற்கப்பால் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. ஓட்டுகிற சீட்டில் ஆள் இல்லை. மகள் "அம்மா" என்று கத்தினாள். நான் இரண்டு கையாலும் கியர் ராடைப் பிடித்து முன்னால் தள்ளினேன். கறகறவென்று கத்தியது. இன்னும் தள்ளினேன். எந்தக் கியர் என்று இன்றைக்கும் தெரியாது. வண்டி ஒரு குதி குதித்து, பலாப்பழக் கடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

கையில் டீ கிளாசோடு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கூட்டம் கூடியதும் முகம் மாறியது. "பாத்தீங்களா, டிஸ்க்கு எப்படிப் புடிச்சுதுன்னு!" என்றார்.

பிரேக்கை மிதிக்க ஆளே இல்லாத வண்டி. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தனை பேரும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகளை இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

"பஸ்ஸுல போறோமுங்க."

"ஏம்புள்ள, எல்லாரு முன்னாலயும் மானத்த வாங்கற?"

"மானத்த நீங்க வெச்சுக்கங்க. புள்ளய நான் வெச்சுக்கறேன்."

பஸ் வந்தது. நாங்கள் ஏறியதும் எங்களுக்கு முன்னால் வண்டியைக் கிளப்பினார். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, மகளுக்கு மடியில் பையை விரித்துக் கொடுத்துவிட்டு அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நியூட்ரலில் போகிறவனைப் பின்னாலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். மிதித்த கால் மிதித்தபடி இருப்பதால் பிரேக் லைட் அணையவே அணையாது. முதல் சில வளைவு வரைக்கும் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. வாய்க்குள் திட்டிக்கொண்டே போனேன்.

பிறகு ஒரு வளைவு தாண்டியதும் சிவப்பு அணைந்தது. வண்டி ஒரு தடவை இழுத்துக் குனிந்து, நிதானமானது. அடுத்த வளைவில் ஒரு நொடி எரிந்தது, மறுபடி அணைந்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே.

மகள் பையிலிருந்து தலை தூக்கினாள். "அம்மா, அப்பா கியர்ல போறாரும்மா."

"தெரியுது. பேசாம இரு."

பக்கத்தில் நான் இல்லை என்றதும் போட்டிருக்கிறார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு. கிழிந்த தகரம், மிளகுக் காசு, மகளின் வாந்தி, இத்தனையும் எதற்கு என்று நினைத்தபோது ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது.

காரவள்ளியில் எங்களுக்காக நிறுத்தியிருந்தார். என்னைக் கூப்பிட்டு, பின்சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். சூடே இல்லை.

"பாத்தியா புள்ள? எல்லாம் டிஸ்க்கு."

கியரில் வந்ததைப் பார்த்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மகள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், முகம் வெளிறி, பையை இன்னும் கையில் பிடித்தபடி. சொல்லிவிட்டால் அடுத்த வாரமே மறுபடி நியூட்ரலில் இறக்குவார்.

"ஆமாங்க, டிஸ்க்குதான்" என்றேன்.